அதிரும் மணிக்கட்டு

குழாய்க்காரரின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. கழுத்தில் செருகிய குழல் வழியாக வாரம் மும்முறை அவருடைய இரத்தம் வெளியே வந்து, இயந்திரத்தில் தூய்மையாகி, மீண்டும் உடலுக்குள் சென்றது. அக்குழலில் கிருமி தொற்றக்கூடும் என்பதால், ஆறு வாரங்களுக்கு முன்னர் அறுவை மருத்துவர் அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைத்திருந்தார். சிரை நன்கு பருத்துவிட்டால் ஊசியை அதிலேயே ஏற்றலாம். கழுத்துக் குழலுக்கு விடைகொடுக்கலாம். இணைப்புக் கெட்டால் அடுத்தது வலக்கை. அதுவோ குறடு பிடிக்கும் கை. முப்பத்திரண்டு ஆண்டுகளாக வீட்டிற்குச் சோறு போட்ட கை.

"நமக்கே குழாயைப் பத்திப் பாடம் எடுக்கிறாங்க பாரு!" என்று வீடு திரும்பிய அன்றே அவர் சிரித்தார். மருத்துவர் அறிவுரை கூறியபோது அவர் தலையை மட்டுமே ஆட்டினார். காது கொடுத்துக் கேட்டவர் மனைவி. அவ்வம்மையார் தையற்காரி. காலைதோறும் தையல் இயந்திரத்திற்கு எண்ணெய் விடுமுன் கணவரின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைப்பார். தோலுக்கடியில் சிறு மோட்டார் சுழல்வதைப் போன்று அதிரும். "ஓடுது" என்று கூறிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்புவார்.

ஒருநாள் காலை வைத்த விரல்களை அவர் எடுக்கவில்லை. சற்று மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார்.

"என்னங்க, நின்னுபோச்சு."

"எது?"

"உங்க கைதான். நேத்து நல்லா ஓடிச்சே! என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"நின்னா நல்லதுதானே? ஒரு லைன் அதிருதுன்னா ஜாயின்ட் லூஸுன்னு அர்த்தம். கிளாம்ப் போடணும். அதான் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுத்திட்டுப் படுத்தேன். இப்பதான் அவுத்தேன். பாரு, கல்லாட்டம் நிக்குது!"

"முதல்ல உங்க வாய்க்குப் போடுங்க கிளாம்ப்! அதிர்வு நின்னா அடுத்த நிமிஷமே ஓடி வாங்கன்னு டாக்டரம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. எந்திரிங்க."

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு..."

"பச்சைத் தண்ணிகூடக் கிடையாது. செருப்பை மாட்டுங்க."

மருத்துவமனையில் அறுவை மருத்துவர் மணிக்கட்டின்மீது குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை நகர்த்தித் திரையைப் பார்த்தார். இணைப்பை ஒட்டிச் சிரைக்குள் இரத்தம் உறைந்து கிடந்தது. அதிர்வைப் பழுதென்று எண்ணிக் கணவர் கட்டை இறுக்கிய கதையை மனைவி சொன்னார்.

"ஐயா, பெரிய கட்டடத்துல சுடுதண்ணி லைன் எப்படி ஓடும்?"

"பம்புல கிளம்பி, எல்லா ரூமையும் சுத்திட்டு, மறுபடி பம்புக்கே வரும்."

"இதயம்தான் பம்பு. தமனி, வெளிய போற லைன். சுவர் தடிமன், பிரஷர் ஜாஸ்தி. கடைசியில முடியைவிட மெல்லிசான நுண்குழாய்ங்களாப் பிரியும். அங்க பிரஷர் இறங்கிடும். சிரை, திரும்பி வர்ற லைன்."

"அதுல நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கணுமே?"

"இருக்கே! அதனாலதான் கால்ல இருக்கிற ரத்தம்கூடக் கீழ இறங்காம மேல வருது. உங்க கையில நான் நுண்குழாயைத் தாண்டி, போற லைனை நேரா திரும்புற லைன்ல சேர்த்திருக்கேன். அந்த வேகத்துலதான் அதிருது. அது பழுதில்ல ஐயா, ஓட்டம்."

குழாய்க்காரர் தம் வலக்கையைப் பார்த்துக்கொண்டார்.

"என் ஆள் எவனாவது ஓடுற லைனை இப்படி நெரிச்சிருந்தா, அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன்," என்றார் தாழ்ந்த குரலில்.

"உறைஞ்சது இன்னும் புதுசுதான். எடுத்துப் பார்க்கலாம்."

கையை மரத்துப்போகச் செய்து, நுனியில் சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழலைச் சிரைக்குள் செலுத்தி, உறைந்ததை மருத்துவர் வெளியே இழுத்தார். கட்டுப் போட்டபின் மனைவியை உள்ளே அழைத்தார்.

"அம்மா, நீங்களே பாருங்க."

கட்டிற்கு மேலே, முன்கையில் அந்த மூன்று விரல்களும் அமர்ந்தன. குழாய்க்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"ஓடுது," என்றார் மனைவி.

"நாளைக்கு வந்திருந்தா வலது கையிலதான் புதுசா ஜாயின்ட் போட்டிருப்பேன். உங்க விரல் காப்பாத்திடுச்சு," என்றார் மருத்துவர்.

மூன்று வாரங்கள் கழித்து இரத்தச் சுத்திகரிப்பு அறையில் இடக்கையில் முதன்முறையாக ஊசிகள் ஏறின. நடந்ததை முன்பே கேட்டறிந்திருந்த அடுத்த படுக்கைப் பேருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"என்ன கிளாம்பு, இன்னிக்கு எதையும் இறுக்கலையா?"

"சிரிய்யா, நல்லா சிரி. ஜாயின்ட் போட்டது டாக்டரம்மா. கெடுத்தது நான். காப்பாத்துனது யாரு தெரியுமா? அதோ, பட்டன் தைக்கிற மாதிரி பாவலா பண்ணிக்கிட்டு நம்ம பேச்சைக் கேட்டுக்கிட்டிருக்காளே, அவதான் என் லைனுக்கு இன்ஸ்பெக்டர். அவ கை வச்சுப் பாஸ் பண்ணாம நான் வாசப்படி தாண்டறதில்ல."

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மனைவி நூலைப் பல்லால் கடித்தார், தலை நிமிரவில்லை.

"அப்படின்னா என்னுதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லச் சொல்லுப்பா," என்று ஓட்டுநர் ஊசியில்லாத தம் மற்றொரு கையை நீட்டினார்.

"அந்தக் கையில ஜாயின்டே இல்லையே அண்ணே! இருக்கிற கையைக் காட்டுங்க," என்று மனைவி எழுந்து வந்தார்.