ஊர்ப் பேரில் ஒரு தனிப் பை

“நாங்க அனுப்புன காசை முழுங்கிப்போட்டு, வரலீன்னு நாக்கூசாம சொல்றீங்களே பெரியப்பா!”

“அடே சென்றாயா, வாயை அளந்து பேசுடா! ஏரோப்பிளேன் ஏறிப்போன திமிரா? உங்க காசுல நான் ஊடு கட்டுனனா, தோட்டம் வாங்குனனா?”

“குண்டூர்நாடுன்னு பேரைப் போட்டுத்தான் அனுப்புனோம். போய்ச் சேந்துருச்சுன்னு பச்சை டிக்கும் விழுந்துச்சு. அப்பறம் எங்கீங்க போச்சு?”

சென்றாயன் இருந்தது துபாயில். ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி இருந்தது நாமக்கல் பக்கத்து மலையில், சில கிராமங்கள் சேர்ந்த குண்டூர் நாட்டில், டீக்கடைக்கு எதிரே உள்ள பாறைமேல். அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அர்த்தனாரிக்குக் காது மந்தம் என்பதால் போனில் ஸ்பீக்கரும் போட்டாக வேண்டும். ஆகவே துபாய்ச் சண்டை ஊர்ச் சண்டை ஆயிற்று. மிளகு காயப்போட வந்தவர்கள் மிளகை மறந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்த பஸ்ஸை விட்டுவிட்டார்கள். பஸ் சாயங்காலமும் வரும். இப்படி ஒரு சண்டை வருமா?

கூட்டத்தின் ஓரத்தில் தமிழ்செல்வன் நின்றிருந்தான். கையில் இருந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. அர்த்தனாரியின் மகள் கவிதாவுக்கும் அவனுக்கும் வெற்றிலை மாற்றியாகிவிட்டது. மாமனாராகப் போகிறவரை ஊர் நடுவில் களவாணி என்கிறார்கள். மருமகனாகப் போகிறவன் வாயைத் திறக்கவில்லை. காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நடந்தது இதுதான். மழைக்காலத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஊருக்கென்று ஒரு ஜீப் வேண்டும் என்று வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்ப் பையன்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். பணத்தை இன்டர்நெட் காசான கிரிப்டோவில் அனுப்பினால் நொடியில் வந்து சேரும் என்றான் சென்றாயன். ஊரில் கம்ப்யூட்டர் படித்தவன் தமிழ்செல்வன் ஒருவன்தான். அர்த்தனாரியின் போனில் அந்தக் காசுக்கான பை, அதாவது வாலட் திறந்து, அதன் முகவரியைத் துபாய்க்கு அனுப்பி வைத்தவன் அவனே. முகவரி என்றால் தெருப் பெயரா, கதவு எண்ணா? எழுத்தும் எண்ணும் கலந்துகட்டி, குரங்கு வால் மாதிரி நீண்டு கிடக்கும். ஓர் எழுத்து பிசகினாலும் பணம் எவனுக்கோ போகும், திரும்பி வராது.

இந்தத் தொல்லைக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அந்த வாலுக்குப் பதிலாக, மனிதர்கள் படிக்கிற மாதிரி ஒரு பெயரைப் பதிந்துகொள்ளலாம். அனுப்புகிறவன் பெயரை அடித்தால் போதும். ஆனால் முந்திக் கேட்டவனுக்கே பெயர்; உனக்கு அதில் என்ன பாத்தியதை என்று கேட்பார் இல்லை. ஜீப் பேச்செல்லாம் வருவதற்கு முன்பே தமிழ்செல்வன் தன் சொந்த வாலட்டுக்கு ஒரு பெயர் வைக்கப் போனான். ‘தமிழ்செல்வன்’ ஏற்கெனவே போயிருந்தது. சரி என்று ‘குண்டூர்நாடு’ என்று வைத்துக்கொண்டான். அன்றைக்கு அதில் களவு இல்லை. கூடப் படித்தவர்களிடம் காட்டிக்கொள்ளக் கொஞ்சம் ஜம்பம், அவ்வளவுதான்.

துபாய்க்காரர்கள் நீள முகவரிக்குப் பயந்து, ஊர்ப் பெயரை அடித்துப் பார்த்தார்கள். இருந்தது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் இது யாருடையது என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பான். இவர்கள் எப்படிக் கேட்பார்கள்? நோம்பித் திருவிழாவுக்கு வரி கொடுக்கும்போது “நாட்டுக்கு” என்று ஒரு சொல் சொல்லித் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போவதுதான் அவர்கள் வழக்கம். தட்டை ஏந்துகிற கை யாருடையது என்று பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது மாதிரி. நாட்டின் பெயரைத் தனியாள் ஒருவன் வைத்துக்கொள்வான் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

பணம் வந்த அன்று தமிழ்செல்வன் பதறித்தான் போனான். சொல்லிவிடக் கிளம்பி, கவுண்டர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பினான். நாளைக்குச் சொல்லலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பிறகு, விலை ஏறட்டும், சேர்த்துக் கொடுத்தால் ஊரே மெச்சுமே என்றான். மனசு ஒரு சமாதானம் சொன்னால் கை ஒரு வேலை செய்தது. அந்தக் காசில் அவன் வீட்டு வாசலில் சிவப்பு பைக் ஒன்று வந்து நின்றது. “பெங்களூரு கம்பெனிக்காரன் ஊட்டுக்கே சம்பளம் அனுப்பறானுங்க” என்று அவன் அம்மா அத்தாயி கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களை நிறுத்தியும் சொன்னாள்.

இப்போது கவிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவனிடம் வந்தாள்.

“மாமா, இதெல்லாம் படிச்சது நீங்கதானுங்களே. அந்தப் பேரு யாருதுன்னு பாத்துச் சொல்லுங்க. எங்கப்பனை ஊரே ஒரு மாதிரி பாக்குது.”

“அதெல்லாம்... கண்டுபுடிக்க முடியாது கவிதா. உள்ள போனா போனதுதான்.”

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழையில், ஊரில் நிறைமாதமாக இருந்த பொன்னம்மாளுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுக்குத்தான் வரும். அதுவரை தூக்கிப் போக மூங்கிலில் டோலி கட்டினார்கள். முன்பக்கம் தோள் கொடுக்க ஆள் இல்லாமல் தமிழ்செல்வன் கொடுத்தான். சேறு வழுக்கியது. டோலிக்குள் அவள் முனகும்போதெல்லாம் மூங்கில் அவன் தோளில் அதிர்ந்தது. பக்கத்தில் அர்த்தனாரி அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நடந்தார்.

“ஜீப்பு வந்திருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம்” என்றான் பின்னால் சுமந்தவன்.

“ஜீப்பைத்தான் கவுண்டரு தின்னுபோட்டாரே.”

அர்த்தனாரிக்குக் காது மந்தம்தான். ஆனாலும் அது கேட்டது. குடை மட்டும் ஒருமுறை ஆடியது.

மெயின் ரோட்டைத் தொடும் வளைவிலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனபோது இருவருக்கும் உயிர் இருந்தது. அதில் தமிழ்செல்வனின் புண்ணியம் எதுவும் இல்லை. எல்லாரும் நனைந்து நின்ற அந்த இடத்திலேயே அவன் சொன்னான்.

“மாமா, அந்தப் பேரு என்னுதுங்க. காசு எங்கிட்டத்தான் வந்துச்சு.”

அடித்திருந்தால் தேவலை. ஒருவரும் அடிக்கவில்லை. டோலியை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தி அவனைப் பார்த்தார்கள். அர்த்தனாரி தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். பிழிய வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. டோலிக்குத் துணையாக நடந்து வந்திருந்த கவிதாதான் பேசினாள்.

“நெம்பரு நீளமா இருக்குதுன்னு பேரு வெச்சது நல்ல வசதிதானுங்க. ஆனா பேரு யாரு வேணும்னாலும் வெச்சுக்கலாம். அனுப்பறவன் பேரைப் பாத்ததும் நம்பக் கூடாது. யாருதுன்னு கேட்டு, கொஞ்சூண்டு அனுப்பிப் பாத்து, வந்துச்சான்னு வாயாலயே கேட்டப்பறந்தான் மிச்சத்தை அனுப்போணும். இது எங்க எல்லாத்துக்கும் பாடம். உங்களுக்குத் தனியா ஒண்ணு இருக்குது மாமா. பொதுப் பேரை எடுத்தவன் அதுக்கு வர்ற காசுக்குக் காவக்காரன். சொந்தக்காரன் இல்லீங்க.”

பைக் விற்றுப் போனது. அத்தாயியின் தோடும் போனது. ஜீப் வந்தது. ‘குண்டூர்நாடு’ என்ற பெயர் ஊரின் பொது வாலட்டுக்கு மாறியது. இப்போது மூன்று பேர் சேர்ந்து சம்மதித்தால்தான் அதிலிருந்து பணம் எடுக்க முடியும். சென்றாயன் லீவில் வந்து பெரியப்பாவின் காலில் விழுந்தான். அவர் எழுப்பிவிட்டார், ஆனால் பழையபடி பேசுவதில்லை என்கிறார்கள்.

நிச்சயத்தை முறித்தது அர்த்தனாரி அல்ல, கவிதா. மறு தையில் பேளுக்குறிச்சியில் மளிகைக்கடை வைத்திருக்கும் வேல்முருகனைக் கட்டிக்கொண்டாள். தமிழ்செல்வன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். அங்கே பனியன் கம்பெனியில் வேலை. கோகிலவாணி என்று கூட வேலை செய்கிற பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டான். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், “நாமக்கல் பக்கமுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்கிறானாம்.