புது விண்டோஸில் பழைய மயில்

ஆயுதபூஜை முடிந்த கையோடு எங்கள் தையல் கடைக் கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போட்டோம். என் பழைய எம்பிராய்டரி சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை.

"அது செத்துப்போச்சுங்கக்கா, புதுசு வாங்கிக்குங்க," என்றான் கம்ப்யூட்டர் பார்க்கும் மாதேஷ்.

மாரண்டஹள்ளியில் பாதிக் கல்யாண ரவிக்கைகளில் இருப்பது அந்த சாஃப்ட்வேரில் நான் போட்ட மயில். விடுவேனா? பழைய விண்டோஸில்தான் ஓடுகிறோம் என்று சாஃப்ட்வேரை நம்பவைக்கும் செட்டிங்கைத் தேடிப்பிடித்து நானே போட்டேன். திறந்தது. ஆனால், செருகினால்தான் அது வேலை செய்யும் யூஎஸ்பி சாவியைக் காணோம் என்றது. செருகித்தானே இருக்கிறது! பிடுங்கிப் பார்த்தேன். பூஜையன்று கடையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த என் வீட்டுக்காரர், சாவியின் வாயிலும் சந்தனத்தை அப்பியிருந்தார்.

சுரண்டித் துடைத்துச் செருகினேன். மெஷின் கடகடவென்று மயிலைத் தைக்கத் தொடங்கியது. மாதேஷுக்குப் போன் போட்டு, ஊசிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"கேக்குதாடா? செத்தது தைக்குது!"