கடமைப்படாத சாட்சி

மாதம் ஒருமுறை வரும் உபவாச ஞாயிறுகளில் ஹார்மன் ஃபோர்க் ஊர்த் திருச்சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்துபோய் ஒலிவாங்கிக்கு முன் நின்று சாட்சி சொல்லலாம். சபையில் எல்லோரும் ஒருவருக்கொருவர் பிரதர், சிஸ்டர்தான்; முன்கூட்டி யாரும் பெயர் கொடுப்பதில்லை. நெஞ்சு எழுப்பினால் எழ வேண்டியதுதான். செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிறன்று ஓர்வல் தோர்சனின் நெஞ்சு எழுப்பிவிட்டது. இடுப்பு அறுவை முடிந்து மூன்று மாதமே ஆகியிருந்த அவர், கைத்தடியை ஊன்றி மெல்ல நடந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"ஜூன் மாசம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். வயல்ல மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் அறுத்துப் போட்டது போட்டபடி கிடந்துச்சு. மழை வேற வரப்போகுது. வீட்டுக்கு வந்து பாத்தா, முன்னூத்திப் பத்துக் கட்டு, கொட்டகையில கூரை வரைக்கும் அடுக்கியிருக்கு. யாருன்னு தெரியாது. நேத்துத்தான் பக்கத்து வயல் டிலாய் சொன்னான், அவனோட கட்டு கட்டுற மெஷினை வாங்கிட்டுப் போனது யாருன்னு." அவர் கைத்தடியைத் தூக்கிக் காட்டினார். "பிரதர் டேவின் பிரெய்த்வெயிட். ஒத்த ஆளு. ஒத்த ஆளா பண்ணியிருக்கான்!"

சபை முழுவதும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது. டேவின் திருட்டில் பிடிபட்டவனைப் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மூன்றாவது வரிசையில் இருந்த ஓர்வலின் மனைவி வெர்டா மட்டும் திரும்பாமல், மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினார்.

வெர்டா அரசு உரிமம் பெற்ற தனியார் நன்னடத்தைக் கண்காணிப்பாளர். சிறைக்கு அனுப்பாமல் நீதிமன்றம் வெளியே விடும் சிறு குற்றவாளிகளைச் சந்தித்து, சோதித்து, நீதிபதிக்கு அறிக்கை எழுதுவது அவர் தொழில். குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டாம் முறை சிக்கிய டேவினை ஒன்பது மாதமாக அவர்தான் கண்காணித்து வந்தார். வழக்கை முடித்துவிடலாம் என்று அவர் எழுதிய அறிக்கை புதன்கிழமை நீதிபதியின் மேசைக்குப் போகவிருந்தது. வழக்கு முடிந்தால், எல்கோ நகரில் பாட்டி வீட்டில் இருக்கும் தன் ஆறு வயது மகளை டேவின் அழைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் அவள் இன்னொரு பள்ளி ஆண்டையும் அங்கேயே கழிக்க வேண்டும்.

கண்காணிக்கப்படுபவரிடமிருந்து பரிசோ உழைப்போ உதவியோ பெறக் கூடாது என்பது உரிமத்தின் மூன்றாவது விதி. தெரியாமல் பெற்றிருந்தாலும், தெரிந்த நாளே நீதிமன்றத்திடம் சொல்லியாக வேண்டும்.

வண்டியில் ஏறியதும் வெர்டா கேட்டார்: "உனக்கு வேற நாள் கிடைக்கலையா?"

"நல்லது செஞ்சவன் பேரச் சொல்றது தப்பா, வெர்டா?"

"அவன் என்கிட்ட கையெழுத்துப் போடுறவன்."

ஓர்வலின் முகம் மெல்ல மாறியது. "ஐயோ," என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "யாரு போய்ச் சொல்லப் போறாங்க?"

"நீதான் சொல்லிட்டியே. மைக்ல. இருநூறு பேருக்கு முன்னாடி."

வீடு சேர்ந்ததும் வெர்டா நேரே கொட்டகைக்குப் போனார். கோடை முழுவதும் பார்த்த அடுக்குதான். சபையின் ஆண்கள் பத்துப் பேராவது கூடிச் செய்தது என்று எண்ணி, மனத்துக்குள் அவர்களுக்கு நன்றி சொல்லி, மறந்தும்விட்டிருந்தார். இப்போது ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு சிறு கன்றின் எடை. ஒரே ஆள் குனிந்து, தூக்கி, ஏணியில் ஏறி, முன்னூற்றுப் பத்து முறை இறக்கிவைத்திருக்கிறான். மூலைகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. வெர்டாவுக்கு ஏனோ அங்கே சத்தம் போட்டுப் பேசக் கூசியது.

திங்கள்கிழமை டேவின் அலுவலகத்துக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏன்ப்பா இப்படிப் பண்ணுன?"

"உதவிக்கு ஆள் வேணும்னு சபையில தாள் சுத்தி வந்துச்சு, சிஸ்டர். என்கிட்ட வந்தப்ப காலியா இருந்துச்சு. அந்த வாரம் எல்லாரும் பிள்ளைங்களோட முகாமுக்குக் கிளம்பிட்டாங்க. அடுத்தவன் எழுதுவான்னு ஒவ்வொருத்தரும் நெனச்சிருப்பாங்க. நானும் பேர் எழுதாமத்தான் கைமாத்தினேன். அப்பறம் போனேன்."

"விதி தெரியுமில்ல?"

"தெரியும். மொத நாளு நீங்க படிச்சப்ப மூணாவதை மட்டும் இன்னொருக்காப் படிக்கச் சொன்னேனே. உங்களுக்குத் தெரியாம இருந்தா உங்க மேல பாரம் ஏறாதுன்னு நெனச்சேன். பிரதர் தோர்சன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பார்னும் நெனச்சேன்."

வெர்டாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் போனது. அந்தத் தாளை அவர் நூறு பேருக்காவது படித்துக் காட்டியிருப்பார். எல்லாரும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவன் கேட்டிருக்கிறான்.

"நான் கோர்ட்ல சொல்லணும், டேவின். என் அறிக்கைய வாபஸ் வாங்கணும். உன் பொண்ணு பிரின்லி வர்றது தள்ளிப்போகலாம்."

அவன் தொப்பியின் விளிம்பை ஒருமுறை முழுவதும் சுற்றினான். "சொல்லிடுங்க, சிஸ்டர். மறைச்சீங்கன்னா, தீவனம் கட்டிக் குடுத்து விடுதலை வாங்கினான்னு ஊரு சொல்லும். அவளும் ஒரு நாளு அதைக் கேப்பா."

புதன்கிழமை நீதிமன்றத்தில் வெர்டா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். நீதிபதி ஸ்டாட் பக்கத்து ஊர்க்காரர். விதைக் கடை வைத்திருந்தவர்.

"அப்ப இந்த ஒன்பது மாசத்துக்கு யாரு சாட்சி?" என்றார் அவர்.

"நான் இல்ல, ஜட்ஜ் ஐயா. இனி நான் பேசினா அதுக்கு மதிப்பில்ல."

சொல்லும்போதே அந்தச் சொற்களின் கனம் அவர்மீது இறங்கியது. ஒரு மனிதன் நாளும் பொழுதும் முயன்று திருந்தியிருக்கிறான்; அதைக் கண்ட ஒரே கண் இப்போது செல்லாக் கண்ணாகிவிட்டது. கண்டதெல்லாம் மெய்தான், காட்டத்தான் வழியில்லை.

நீதிபதி வேறு மாவட்டத்திலிருந்து லொரீனா ட்சோசி என்ற கண்காணிப்பாளரை நியமித்து, இரண்டு வாரம் தந்தார். அந்தப் பெண்ணுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் உறவில்லை, சபையில்லை, வயலில்லை. அவர் வந்த இரண்டு நாளும் வெர்டா அவரைக் காணவோ பேசவோ இல்லை. வழக்குக் கோப்பை மட்டும் நீதிமன்ற எழுத்தரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அடுத்த விசாரணையன்று ட்சோசி ஒரு தடித்த காகிதச் சுருளோடு எழுந்தார்.

"அவரோட வண்டியில, மூச்சுல மது இருக்கான்னு பாக்குற கருவி இருக்கு, ஐயா. ஊதினாத்தான் எஞ்சின் கிளம்பும். ஓட்டும்போதும் நடுநடுவுல ஊதச் சொல்லும். மிஸஸ் தோர்சனுக்கு மாசம் ஒரு வரிதான் போகும், பிழை இருக்கா இல்லையான்னு. நான் கம்பெனிகிட்ட முழுசா வாங்கினேன். இது யார் கைக்கும் போகாம நேரா வந்தது."

சுருளை மேசைமேல் விரித்தார். அது மேசையைத் தாண்டி, விளிம்பில் மடங்கி, தரையில் வழிந்து, முதல் வரிசை நாற்காலிகள் வரை ஓடியது.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூணு மூச்சு," என்றார் ட்சோசி. "எல்லாம் சைபர். நான் பதினோரு வருஷமா இந்த வேலையில இருக்கேன். இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல. எனக்கு இந்த ஆளைத் தெரியாது. இவங்க யாரையும் தெரியாது. பாத்ததைச் சொல்றேன்."

நீதிபதி இருக்கையை விட்டு இறங்கி வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து அந்தத் தாளைப் படித்தார். வெர்டாவும் தன் காலருகே கிடந்த பகுதியைப் பார்த்தார். ஏப்ரல் பதினேழு. டேவினின் தாயை அடக்கம் செய்த நாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து அவன் பாதியிலேயே எழுந்து போனதைக் கண்டு, இன்று குடித்துவிடுவான் என்று தான் நினைத்தது அவருக்கு நினைவு வந்தது. அந்த நாளில் பதினொரு மூச்சு. பதினொன்றும் சைபர்.

உரிமத்தின் மூன்றாவது விதியை வெர்டா இத்தனை ஆண்டும் வேலியாக மட்டுமே எண்ணியிருந்தார். சிறிய ஊரில் அண்டைவீட்டாரை அந்நியராக்கும் வேலி. அது தன்னை வெளியே தள்ளியிராவிட்டால் இந்தச் சுருள் விரிந்தே இராது. தன் ஒரு வரி அறிக்கைக்குக் கீழே இவ்வளவு பெரிய ஒன்று படுத்திருந்ததை, தானும் அறியாமலே கையெழுத்திட்டு அனுப்பியிருப்பார். கண்களைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் வெர்டா அப்படியே நின்றார்.

"வழக்கு முடிஞ்சது," என்றார் நீதிபதி, இன்னும் குனிந்தபடியே. பிறகு நிமிர்ந்து, "சிஸ்டர் தோர்சன், உங்க விஷயம் உரிமத் துறைக்குப் போகணும்."

"போன வாரமே நானே எழுதிப் போட்டுட்டேன், ஐயா. உரிமத்தை ஆறு மாசம் நிறுத்தி வைப்பாங்க போல."

வெளியே கூடத்தில் ஓர்வல் காத்திருந்தார். டேவின் வருவதைக் கண்டு அவர் வாயைத் திறக்க, வெர்டா அவர் கையை அழுத்திப் பிடித்தார். "நீ ஒரு வார்த்தை பேசாத."

"நான் ஒண்ணுமே சொல்லலியே!"

டேவின் அவர்கள் முன் வந்து நின்றான். "சிஸ்டர், இப்ப நீங்க என் ஆபீசர் இல்லைதானே?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமாப்பா."

"அப்ப ஒரு உதவி கேக்கலாமா?" அவன் முகம் சிவந்தது. "ஞாயித்துக்கிழமை பிரின்லிய சபைக்குக் கூட்டிட்டு வரணும். எனக்குப் பின்னல் போடத் தெரியாது. கொஞ்சம் கத்துக் குடுப்பீங்களா?"

வெர்டா தலையை மட்டும் அசைத்தார். பக்கத்தில் ஓர்வல்தான், தடுக்க ஆளில்லாத துணிச்சலில், உரக்கச் சொன்னார்:

"சனிக்கிழமையே வந்துடுப்பா. இவ சொல்லிக் குடுத்து ஒரே நாள்ல யாரும் கத்துக்கிட்டதில்ல."