ஒதுங்க ஓர் இடம்

காற்று வேட்டியைப் பிடுங்கப் பார்க்கிறது, இவர் விடவில்லை, இரண்டு கைகளையும் அகல விரித்து, வேட்டியின் ஓரங்களை விரல்களில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி சாலையைப் பார்த்து நிற்கிறார், நான் அந்த வெள்ளைத் துணியின் மறைவில் மணலில் குந்தியிருக்கிறேன், இருக்கிற செடிகள் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட மறைக்காது, அடிவானம் வரைக்கும் மண் மொட்டையாகக் கிடக்கிறது, இத்தனை பெரிய இடத்தில் ஒரு பொம்பளை ஒதுங்க இடமில்லை என்று நினைத்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது, திரும்பிப் பார்த்துறாதீங்க என்கிறேன், மாட்டேன் அம்மிணி என்கிறார், அந்த மாட்டேன் என்ற சொல்லின் பொறுமை என்னை இன்னும் கூசவைக்கிறது.

ஒதுங்குவது என்றுதான் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் இதற்கும் சொல்வது, மழைக்கும் சொல்வது, எங்கள் மகள் பாப்பா கல்யாணமாகிப் போனதும் அவளுடைய அறைக்கு நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேனே, அதற்கும் வேறு சொல் இல்லை, கர்ப்பப்பையை எடுத்த பிறகு எனக்கு எதுவும் நிற்காமல் போய்விட்டது, இருமினால் கசியும், தும்மினால் கசியும், வாய்விட்டுச் சிரித்தால் கேட்கவே வேண்டாம், டாக்டரிடம் இடுப்புவலியைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை, இவரிடம் உங்க குறட்டை தாங்க முடியலீங்க என்றேன், குறட்டையே விடாத மனுஷன், ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் சரி என்று தலையாட்டினார், கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம், கேட்காததால் இந்த ஆளுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நானே முடிவுகட்டி, அந்தச் சின்னக் கட்டிலில் சுவரோடு சுவராக ஒண்டிப் படுத்தேன், விடிவதற்குள் எழுந்து விரிப்பை அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள்போலக் காபி கலந்தேன்.

பம்புப் பட்டறையை மருமகன் கையில் கொடுத்துவிட்டார், இனியாவது அப்பாவோடு எங்காவது போய் வா என்று பாப்பாதான் இந்தப் பாலைவனத்தைக் கண்டுபிடித்தாள், ஜோத்பூரில் வாடகைக் கார், இவரே ஓட்டுகிறார், மார்கழிக் குளிர் கண்ணாடி வழியாக உள்ளே வந்து என் அடிவயிற்றில்தான் உட்காருகிறது, நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன், டீக்கடை கண்ட இடமெல்லாம் நிறுத்தி இஞ்சி போட்ட டீயை மண்குவளையில் வாங்கி வந்து நீட்டுவார், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் மண்ணில் ஊற்றிவிடுவேன், மண் என்னைவிடத் தாகத்தில் இருந்தது, உதடு வெடித்து ரத்தம் வந்தது, பனி அப்படி என்றேன், ஜெய்சல்மேர் கோட்டைக்குக் கீழேயே முட்டி வலிக்குதுங்க என்று உட்கார்ந்துகொண்டேன், இவர் தனியாக ஏறிப் போய்ப் படமெடுத்து வந்து காட்டினார், மஞ்சள் கல் மாடங்கள், மஞ்சள் கல் ஜன்னல்கள், யாரிடமோ போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னவற்றில் எல்லாம் ஓர் ஓரமாகவே நின்றிருந்தார், பக்கத்தில் என் அளவுக்கு இடம் விட்டு, நல்லா இருக்குதுங்க என்று மட்டும் சொன்னேன், காரில் கண்ணயர்ந்தால் கனவில் என் சேலையிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, மணல்மேடுகளுக்கு நடுவே நொய்யல் மாதிரி ஓடுகிறது, சனமெல்லாம் கரையில் நின்று மூக்கைப் பொத்துகிறது, திடுக்கிட்டு விழித்து இருக்கையைத் தடவிப் பார்க்கிறேன்.

மணல்மேட்டில் சாயங்காலம் ஒட்டகம் ஏறலாம் என்றார், வேண்டாமுங்க என்றேன், ஒரு தடவை அம்மிணி, அப்புறம் எதுக்குமே உன்னைக் கூப்புட மாட்டேன் என்றார், அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது, மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, ஜோடியாக உட்காருகிற சேணம், நான் முன்னால், இவர் பின்னால், ஒட்டகம் பின்னங்காலை முதலில் தூக்குகிறது, நான் முன்னே சரிகிறேன், பிறகு முன்னங்காலைத் தூக்குகிறது, பின்னே எறியப்படுகிறேன், அந்தக் குலுக்கலில் போய்விட்டது, சூடாக, நிறுத்த நிறுத்த நிற்காமல், சிவப்பு மெத்தை கருத்துக்கொண்டே வருகிறது, கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் ஒட்டகக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார், எனக்கு உயிரே போய்விடவேண்டும்போல் இருக்கிறது, அப்போது பின்னாலிருந்து சில்லென்று தண்ணீர், என் இடுப்பில், சேலையில், மெத்தையில், அவருடைய பேண்டில், அட, மூடி கழண்டுக்கிச்சு பாரு, கருமம் புடிச்ச பாட்டில், என்று இவர் தமிழில் கத்துகிறார், அப்புறம் தெரிந்த ஒரே இந்தியில், பானி, பானி என்று ஒட்டகக்காரரிடம் காலிப் பாட்டிலை ஆட்டிக் காட்டுகிறார், அவர் சிரித்து, போகட்டும் என்று கையை வீசுகிறார், நான் தலையைக் குனிந்தபோது பாட்டில் மூடி தெரிந்தது, அது இவருடைய இடது கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி இருந்தது.

தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது, நான் அலசியதும் பிழிந்ததும் பொய் சொன்னதும் எல்லாம் கண்ணாடிக்குள் வைத்து ஆடிய கூத்து, காப்பாற்றினாரே என்று நன்றி வரவில்லை, வெட்கம் வந்தது, வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது, இரவு தங்கிய கூடாரத்தில் சேலையை மாற்றியதிலிருந்து நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, இன்று காலை திரும்புகிற வழியில் டீயை நீட்டி, குடி என்றார், கொட்டாம குடி, என்றார், ஆக அதுவும் தெரியும், ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எப்பத் தெரியும் என்று கேட்டேன், இவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, காலங்காத்தால மேல்தொட்டியில தண்ணி கொறையறது பம்புக்காரனுக்குத் தெரியாதா அம்மிணி, என்றார், பின்னே ஏன் ஒரு வார்த்தை கேட்கலீங்க என்றேன், முன்னால் போன ஒட்டக வண்டியை முந்திக்கொண்டு, கேட்டா இன்னும் ஒதுங்கிப் போயிருவியோன்னு பயமுங்க, என்றார், எனக்குப் போய் ங்க போட்டுப் பேசினார், வேற்று மனுஷியிடம் பேசுகிறமாதிரி, அந்த ஒரு ங்க-வில் இத்தனை வருஷமும் நான் இந்த மனுஷனை எவ்வளவு தூரத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன் என்று தெரிந்தது, என் உடம்புக்காகப் பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் சுட்டது, அப்புறம் அவரே, பம்புல கிளாண்டு தேஞ்சு தண்ணி சொட்டுனா நா என்ன கெணத்துக்குள்ளயா தூக்கிப் போடுவேன் என்றார், நான் சிரித்துத் தொலைத்தேன், சிரித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும் சிரித்தேன், வண்டியை நிறுத்துங்க, நிறுத்துங்க, என்றேன், ஓரம் கட்டினார், பெட்டியைத் திறந்து வேட்டியை எடுத்தார்.

ஆயிற்று, எழுந்து சேலையைச் சரிசெய்துகொள்கிறேன், மண் அதற்குள் உறிஞ்சிவிட்டது, சுவடே இல்லை, முடிஞ்சுதுங்க என்கிறேன், இவர் வேட்டியைச் சுருட்டவில்லை, என்னிடம் நீட்டுகிறார், கொஞ்சம் புடி அம்மிணி, எனக்கும் போகோணும், என்கிறார், ஆம்பளைக்கு எதுக்குங்க மறைப்பு, ஊரெல்லாம் ரோட்டோரத்துல தானே நிக்கறீங்க, என்கிறேன், புடி, திரும்பிப் பாத்தறாதே, என்கிறார், இரண்டு கைகளையும் அகல விரித்து, ஓரங்களை விரல்களில் சுருட்டிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்து நிற்கிறேன், காற்று பிடுங்குகிறது, ஒரு சுற்றுலா பஸ் மெதுவாகிறது, ஜன்னல்களில் முகங்கள், பார்த்தால் பார்க்கட்டும், பின்னால் தண்ணீர் விழும் சத்தம் வரும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வருகிறது, அடக்கி அடக்கி விடுகிற மூச்சு வருகிறது, கை வலிக்கிறது, வலித்தால் என்ன, இவருக்கு ஒதுங்க வேறு இடமில்லை, நான் திரும்பிப் பார்க்கவில்லை, வேட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறேன்.