பிரித்த பின் திரும்பப் பெற இயலாது

சின்னவள் அந்தப் பேச்சை எடுத்தபோது பெரியவள் கை நிறையச் சோப்பு நுரையோடு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தப்பித்துப் போக முடியாத நேரமாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள் என்று அவளுக்குப் பிற்பாடு தோன்றியது.

"அக்கா, நம்ம வீட்டுக் கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கலாமா?"

"ஏன், இப்ப கணக்குக்கு என்ன கேடு வந்துச்சு?"

"கேடெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்களே எல்லாத்தையும் மண்டையில சுமக்கறீங்க. பாக்கப் பாவமா இருக்கு."

பெரியவள் குழாயை மூடினாள். இத்தனை வருஷமாக வராத பாவம் இன்றைக்கு எந்த வண்டியில் வந்து இறங்கியது?

அந்த வீட்டில் அண்ணன், தம்பி இரண்டு பேர், அவர்கள் மனைவிமார் இரண்டு பேர். அடுப்பு ஒன்று. அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. தம்பி பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிறான். சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பெரியவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறாள். சம்பளம் வந்ததும் மற்ற மூவரும் வீட்டுச் செலவுக்கான பங்கை அவள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். மளிகை, மின்சாரம், கூரை ஒழுகினால் கொத்தனார் கூலி என்று எல்லாம் அவள் பொறுப்பு. எங்கேயும் எழுதிவைக்கிற பழக்கமில்லை. மாதக் கடைசியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் வாயாலேயே கணக்குச் சொல்லுவாள். ஆண்கள் இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். சின்னவளும் ஆட்டுவாள். ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள், அன்றைக்குக் காலை வரை.

பெரியவளின் தொழிலில் சந்தேகம் ஒரு குணமல்ல, விதி. சீட்டு ஒட்டாத ரத்த மாதிரிக் குழாயை யாருடையது என்று ஊகிக்கக் கூடாது. தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். சின்னவளின் யோசனையும் அப்படிச் சீட்டு ஒட்டாமல் வந்த சரக்காகவே அவளுக்குப் பட்டது.

அதற்குக் காரணமும் இருந்தது. அவள் பிறந்த வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஒருநாள் சித்தப்பா, "எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிப் பாத்துடலாமே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வருஷம் முடிவதற்குள் கூடத்தின் நடுவில் செங்கல் சுவர் எழும்பியது. ஜன்னல் சித்தப்பா பக்கம் போயிற்று. இருட்டு இவர்கள் பக்கம் வந்தது. பகலில் விளக்குப் போட்டுப் பாடம் படித்து வளர்ந்தவள் அவள். இந்த வீட்டிலும் அப்படி ஒரு சுவர் வந்துவிடக் கூடாது. அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

மறுநாள் மாலையே சின்னவள் மடிக்கணினியை மேசையில் விரித்துவிட்டாள். மூன்று சாஃப்ட்வேர்களைப் பார்த்து வைத்திருந்தாள்.

"முதல்ல இது. இலவசம்."

"எலிப்பொறியில வைக்கற கருவாடும் எலிக்கு இலவசம்தான்," என்றாள் பெரியவள்.

அண்ணன் சிரித்தார். திரையில் அது கேட்ட அனுமதிகளைச் சின்னவளே படித்தாள். குறுஞ்செய்திகளைப் பார்க்க வேண்டுமாம், தொடர்பு எண்களைப் பார்க்க வேண்டுமாம், எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமாம்.

"அரிசி வாங்கின கணக்கு எழுத நான் எங்க நிக்கறேன்னு இவனுக்கு எதுக்குத் தெரியணும்?"

"அதான்க்கா, எனக்கும் பிடிக்கல. அடுத்தது மாசச் சந்தா. எத்தனை பேர் வேணும்னாலும் உள்ள வரலாம், யார் வேணும்னாலும் எழுதலாம், திருத்தலாம்."

"முதல் வருஷம் இந்த விலை. அடுத்த வருஷம்?"

சின்னவள் பொடி எழுத்தைத் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அது சொல்லல."

"சொல்ல மாட்டான். நம்ம கணக்கு முழுக்க அவன் கையில போனப்புறம் சொல்லுவான். சரி, யார் வேணும்னாலும் திருத்தலாம்னா என்ன அர்த்தம்? ஓட்டறது நான். உனக்கு எதுக்கு அதுல கை?"

"என் கார்ல என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குக்கா. அதுக்காக நானா ஓட்டறேன்?"

"உன் பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும்."

தம்பி தன் நகத்தில் ஒட்டியிருந்த நீலப் பெயின்டைச் சுரண்டினான். சின்னவள் மூன்றாவதைக் காட்டினாள். ஒரே தடவை விலை கொடுத்து வாங்குவது. பென் டிரைவில் வரும். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், வெளியே எதுவும் போகாது. முழுக்கத் தமிழில்.

"இதோட சோதனைப் பதிப்பை ஃபோன்ல போட்டுப் பாக்கறேன்க்கா. பிடிச்சா வாங்கலாம்."

பெரியவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால், மடியில் கனம் இருக்கிறது என்று நினைப்பார்களே.

இரண்டு நாள் கழித்துச் சின்னவள் குளிக்கப் போயிருந்தபோது குளிர்பெட்டியின் தலையில் கிடந்த அவள் ஃபோன் ஒரு முறை அதிர்ந்து ஒளிர்ந்தது. பால் எடுக்கப் போன பெரியவள் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கண் கேட்கவில்லை. திரையில் ஒரு பூங்கொத்துப் படம். அதன் கீழே:

வாழ்த்துகள்! உங்கள் குடும்பம் வெற்றிகரமாகப் பிரிக்கப்பட்டது.

அவள் பாலை எடுக்காமலே குளிர்பெட்டியைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது அர்த்தம் ஒன்று முளைத்துவிட்டது. பின்னறையில் தம்பி குனிந்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான்.

"எதுக்கு தம்பி அளக்கறீங்க?"

"சும்மா அண்ணி."

சும்மா! ஒன்றுமில்லாததற்கும் சும்மாதான், ஊரையே மறைப்பதற்கும் சும்மாதான். சின்னவள் மாடிப்படியில் நின்று யாரிடமோ ஃபோனில் பேசியது காதில் விழுந்தது: "தனியா வச்சுக்கிட்டாத்தான் பாதுகாப்பு. சேர்ந்தே இருந்தா என்னைக்காவது ஒருநாள் எல்லாம் போயிடும்." பெரியவள் துவைத்த துணிக்கூடையோடு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அன்று படுக்கை விரிக்கும்போது கணவரைக் கேட்டாள்.

"என்னங்க, உங்க தம்பி உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"என்ன சொன்னான்?"

"அதைத்தான் நான் கேக்கறேன்."

"ஒண்ணும் சொல்லலியே."

"ஒண்ணுமே சொல்லலேன்னா ஏதோ இருக்கு."

"அவன் எப்பவுமே ஒண்ணும் சொன்னதில்லையே! பொறந்ததிலேர்ந்தே ஏதோ இருக்குங்கறியா?" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். லிஃப்ட் கயிறு தேய்ந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனிதர். வீட்டுக்குள் எது தேய்ந்தாலும் அவருக்குக் கேட்காது.

வேலையிலும் கவனம் நிற்கவில்லை. ஒருவரிடம் ரத்தம் எடுத்து முடித்து, சீட்டு ஒட்டும்போது பார்த்தால் தட்டில் ஒரே மாதிரி இரண்டு குழாய்கள். எது இவருடையது, எது முன்னால் வந்தவருடையது? அவள் இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டு, "மன்னிக்கணும், இன்னொரு தடவை குத்தணும்," என்றாள். அந்த மனிதர் மேற்பார்வையாளர் வரை போய்க் கத்தினார். மேற்பார்வையாளர் அவளைத் தனியே கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். கேள்வி அவளுக்குச் சுட்டது. விஷயம் வெளியே வரை வந்துவிட்டதா?

அன்று மாலை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து பேச்சுக் கேட்டது.

"பிரிச்சிடலாமா?" தம்பியின் குரல்.

"அவசரப்படாதீங்க. அக்கா வரட்டும். அவங்க முன்னாடி பிரிச்சாத்தான் மரியாதை. அவங்க இல்லாதப்போ பிரிச்சா மனசு கஷ்டப்படுவாங்க."

பெரியவள் ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். பிறகு மற்றதையும் உதறிவிட்டு உள்ளே போனாள்.

"வந்துட்டேன். பிரிங்க."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"மரியாதையெல்லாம் எதுக்கு? முறையா, முகத்துக்கு நேரா பிரிங்க. பின்னறையத்தான் அளந்தாச்சே. சமையலறை யாருக்கு? ஜன்னல் யாருக்கு? அதையும் சொல்லிட்டா நான் இப்பவே பாத்திரத்தைப் பங்கு வைக்கறேன்."

தம்பியின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. மேசைமேல் ஒட்டுநாடா சுற்றிய சிறிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது.

"அண்ணி," என்றான் அவன் மெதுவாக, "நாங்க பார்சலைப் பிரிக்கலாமான்னு பேசிட்டிருந்தோம். சாஃப்ட்வேர் வந்திருக்கு. பின்னறையில கம்ப்யூட்டர் மேசை போடலாம்னு அளந்தேன்."

பெரியவளின் காது மடல்கள் சிவந்தன. ஆனாலும் அவள் இறங்கிவரவில்லை. "பார்சல் சரி. குடும்பம் வெற்றிகரமாகப் பிரிக்கப்பட்டதுன்னு பூங்கொத்தோட வந்துச்சே, அது?"

"என் ஃபோனைப் பாத்தீங்களா?" என்றாள் சின்னவள்.

"அதுவா ஒளிர்ந்துச்சு. பாத்தேன்."

சின்னவள் ஃபோனை எடுத்துத் திறந்து நீட்டினாள். சோதனைக்காக ஒரு மாதப் பால் செலவை நாலு பேருக்கும் சமமாகப் பங்கு போடச் சொல்லியிருந்தாள். பங்கு போடுவதற்கு அந்தச் சாஃப்ட்வேர்க்காரன் வைத்திருந்த சொல் 'பிரி'. குழுவின் பெயர் 'குடும்பம்'. இரண்டையும் கோத்து வாழ்த்துச் சொல்லியிருந்தது இயந்திரம். மாடிப்படிப் பேச்சையும் பெரியவள் விடாமல் கேட்டாள்; அது கணக்கின் நகலைத் தனி டிஸ்கில் வைப்பதைப் பற்றித்தான்.

தம்பி குபீரென்று சிரித்தான். "பால் கணக்குக்கே பூங்கொத்துன்னா, மளிகைக் கணக்குக்கு மேளம் வச்சு அடிப்பான் போல!"

சின்னவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் பாதியில் நின்றது.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமேக்கா. என்னடி இதுன்னு ஒரு வார்த்தை."

"கேட்டா உண்மையைச் சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன். இப்பவும் சொல்றேன், கேளுங்க." அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "மாசாமாசம் பணம் அனுப்பறேன். நீங்க கணக்குச் சொல்றப்போ தலையாட்டறேன். இவங்களுக்கு அது போதும். எனக்கு விடுதியில தங்கியிருக்கற மாதிரி இருக்கு. கொழம்புல உப்பு போடக்கூட உங்களைக் கேட்டுத்தான் போடறேன். தனியாப் போயிடலாம்னு நினைச்சதே இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை நினைச்சேன். அப்புறம்தான் இதைத் தேட ஆரம்பிச்சேன்."

தம்பி தன் மனைவியை ஏறிட்டுப் பார்த்தான். அவனுக்கும் அது புதுச் செய்தி.

பெரியவள் உட்கார்ந்தாள். தன் சந்தேகம் வீண் போகவில்லை என்பதில் அவளுக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. அப்பா வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. சித்தப்பா அந்தத் தாளைக் கேட்டதும், அப்பா எழுந்து நின்று, "என் மேலயே சந்தேகமா?" என்று உறுமியதும். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது கொத்தனார் வழியாகத்தான்.

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ரத்த மாதிரிக் குழாயின் சீட்டைப் படிப்பதுபோல் திருப்பித் திருப்பிப் படித்தாள். ஒரு பக்கத்தில் அச்சடித்திருந்தது: ஒரு குடும்பத் தலைவர். பார்வையாளர்கள் நான்கு பேர் வரை.

"பார்வையாளர்னா?"

"பாக்கலாம். கை வைக்க முடியாது."

"தலைவர் யாரு?"

"நீங்கதான். உங்களுக்கு இப்படித்தான் சரிப்படும்னு இதை எடுத்தேன்."

"நீ?"

"பார்வையாளர். இது வரைக்கும் அதுகூட இல்லையே."

பெட்டியின் மூடியில், ஒட்டுநாடாவுக்குப் பக்கத்தில், சிவப்பில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பிரித்த பின் திரும்பப் பெற இயலாது. பெரியவள் அதை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு தம்பியின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

"இதைத் திருப்பி அனுப்பிடு."

"ஏன்க்கா? மூணுல இதுதான் நல்லது. வெளிய எதுவும் போகாது."

"நல்லதுதான். ஆனா பிரேக் ஒண்ணுதான் இருக்கு. உன் கார்ல இருக்கற மாதிரி ரெண்டு இருக்கறதை எடு."

"அது அந்த மாசச் சந்தாக்காரன். அடுத்த வருஷம் விலை ஏத்துவான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஏத்துவான். திருட்டுப்பய. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்போம்."

வெளிக்கதவு திறந்தது. அண்ணன் கருவிப்பையோடு உள்ளே வந்து மேசையைப் பார்த்தார்.

"என்ன, இன்னும் பிரிக்கலையா?"

"இல்ல," என்றார்கள் பெண்கள் இரண்டு பேரும். அவர் எதுவும் புரியாமல் கை கழுவப் போனார்.

சின்னவள் மடிக்கணினியைத் திறந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்க மண்டையில இருக்கறதை ஒவ்வொண்ணா இறக்கணும்க்கா. பால்லேர்ந்து ஆரம்பிக்கலாமா?"

"ம்."

"எந்தக் கடை? மாசத்துக்கு எவ்வளவு? ரசீது இருக்கா?"

ரசீது என்ற சொல் பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்பா அன்று உறுமிய அதே கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். முழுக்கக் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ரசீது இல்ல," என்றாள். "நாளையிலேர்ந்து வாங்கறேன்."