நங்கூரக்காரியும் விளக்குக்காரியும்

அண்ணி இந்த வீட்டுக்குள் வந்த நாள் தங்கை கொக்கியை ஒன்றும் செய்யவில்லை. அண்ணி அண்ணனைச் சாவிலிருந்து காப்பாற்றினாளே, அந்த நாள்தான் கொக்கியின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது.

நிஜத்தில் யாரும் சாகக் கிடக்கவில்லை. எல்லாம் கணினிக்குள்தான். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் மோதுகிற ஆட்டம் அது. மேலே ஒரு பாதை, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. எதிராளியின் கோட்டையை யார் முதலில் இடிக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். கீழ்ப் பாதையில் மட்டும் இரண்டு பேர் ஜோடியாக நிற்பார்கள். ஒருவர் வில்லாளி, மற்றவர் அவருக்குத் துணை நிற்கும் சப்போர்ட். அண்ணன் வில்லாளி. கொக்கி அவனுடைய சப்போர்ட். கல்யாணத்துக்கு முன்னால் வருஷக்கணக்காக அப்படித்தான்.

சப்போர்ட் என்றதும் பின்னால் பதுங்கி நின்று காயத்துக்கு மருந்து போடுகிறவள் என்று பலரும் நினைத்துக்கொள்வார்கள். கொக்கிக்கு அந்தப் பேச்சே ஆகாது. ஆட்டத்தில் அவள் எடுப்பது நங்கூரக்காரி என்ற பாத்திரத்தை. பருத்த உடம்பு, கையில் சங்கிலி, சங்கிலியின் முனையில் நங்கூரம். புதரோரம் வந்து நின்றுகொள்வாள். எறிய மாட்டாள், எறிவதுபோல இரண்டடி முன்னே போவாள், எதிராளி பயந்து விலகுவான், மறுபடி பின்வாங்குவாள். அவனுக்குப் பயம் சலித்துப்போகும் நேரம் பார்த்து விசுக்கென்று வீசி, ஆளைக் கொத்தி இழுத்து அண்ணன் காலடியில் போடுவாள். போட்ட கையோடு தானும் நடுவில் பாய்ந்து, அடி அத்தனையும் தன்மேல் வாங்கிக்கொள்வாள். அவள் சாவாள், அண்ணன் இரண்டு பேரைக் கொல்வான். கணக்கில் கொன்றவன் பெயர்தான் பெரிதாக வரும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. கொக்கி என்ற பெயரே அண்ணன் அதற்காக வைத்ததுதான். இப்போது அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இருவருக்கும் இடையில் ஒரு சுவர் இருந்தது. அண்ணனின் மேஜை அந்த அறையில், இவள் மேஜை இந்த அறையில். காதில் மாட்டிய மைக்கில் பேசினால் குரல் இணையத்தைச் சுற்றிக்கொண்டு ஆடி அசைந்து வரும், அதற்குள் எதிராளி ஓடிப்போவான். அதனால் நங்கூரத்தை வீசும்போதே கொக்கி விரல் முட்டியால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவாள். அண்ணன் பாய்வான். எங்கே, எதற்கு என்று கேட்க மாட்டான். ஆட்டத்துக்குக் கூப்பிடவும் அதே தட்டுத்தான். தட்டித் தட்டி அந்த இடத்தில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது.

"வீட்டை இடிச்சுட்டுத்தான் அடங்குவீங்க போல" என்பாள் அம்மா.

கல்யாணமாகி வந்த அண்ணி, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, பல்வலியோடு வந்து கத்துகிறவர்களிடம் நாள் முழுக்கச் சிரித்துப் பேசுகிறவள். வந்த புதிதில் அறையைச் சீர்படுத்துகிறேன் என்று துணி அலமாரியை அந்தச் சுவரோடு நகர்த்திப் போட்டாள். அண்ணன் இரண்டு நாள் பொறுத்தான். பிறகு ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கிறது என்று சொல்லி அதைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டான். அன்று கொக்கி இரண்டு வாய் சோறு அதிகமாகச் சாப்பிட்டாள்.

ஆனால் அண்ணி லேசுப்பட்டவளா? அலமாரி போனால் போகட்டும் என்று ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டத்தில் அவளுக்கு வந்தது ஒன்றே ஒன்று: விளக்குக்காரி. மெலிந்த பெண், கையில் விளக்கு. யார்மேல் விளக்கைக் காட்டுகிறாளோ அவர்கள் காயம் ஆறும். ஒருநாள், குழு இல்லாமல் அவர்கள் இருவர் மட்டும் ஆடும்போது, அண்ணன் உயிர் நூலில் ஊசலாட ஓடி வருகிறான், பின்னால் மூன்று பேர் துரத்துகிறார்கள். அண்ணி சாவகாசமாக விளக்கை நீட்டினாள். அண்ணன் பிழைத்தான். "அட, சாகலையே நான்!" என்று குழந்தை மாதிரிக் குதித்தான். சுவருக்கு இந்தப் பக்கம் கொக்கிக்குக் காது அடைத்துப்போயிற்று.

அந்தச் சமயம் பார்த்து, மேல் பாதையில் ஆடிக்கொண்டிருந்தவன் வேலை மாறி வேறு ஊருக்குப் போனான். குழுவில் மிச்சம் இருந்த வெளியாட்கள் இரண்டு பேர். ஒருவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், பெயரும் லிஃப்ட்தான். இன்னொருவன் தூங்குமூஞ்சி. ஆட்டம் நடுவிலும் கொட்டாவி விடுவான். பெயர் கொடுத்திருந்த போட்டியோ நெருங்கிவிட்டது. அண்ணன் கதவோரம் வந்து தலையைச் சொறிந்தான்.

"கொக்கி, நீ மேல போறியா? உனக்குத்தான் எல்லாம் ஆடத் தெரியும். அண்ணிக்கு விளக்கை விட்டா வேற ஒண்ணும் வராது."

"அப்ப எனக்கு எல்லாம் வர்றதுதான் தப்பா?"

"அப்படிச் சொல்லுவேனா? இந்தப் போட்டிக்கு மட்டும் ஆடிப் பார்ப்போம். சரியா வந்துச்சுன்னா இப்படியே வச்சுக்கலாம்."

இப்படியே வச்சுக்கலாம். மறுநாள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோதும் அந்தச் சொல்லே இயந்திரத்தோடு சேர்ந்து சுற்றியது. தேய்த்த லென்ஸ் சிறுத்துப்போய், சட்டத்தில் நிற்காமல் பொத்தென்று விழுந்தது.

கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். "யார் மேலம்மா கோபம்? கண்ணாடி மேலயா, போட்டுக்கப் போறவர் கண்ணு மேலயா?"

கொக்கி குனிந்து லென்ஸைப் பொறுக்கினாள். அந்தப் புது ஏற்பாடு சரியாக வந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் போட்டி. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் அடுத்த சுற்று. கொக்கி கோடரிக்காரனை எடுத்துக்கொண்டு மேல் பாதையில் தனியாக நின்றாள். எதிரே கேடயம் பிடித்த ஒரு தடியன். அவன் அடிப்பான், இவள் விலகுவாள். இவள் அடிப்பாள், அவன் விலகுவான். அந்தச் சலிப்பில் அவள் கண் முழுக்கக் கீழ்ப் பாதைமேல்தான் இருந்தது.

அங்கே எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. அதுதான் கொடுமை. அண்ணன் அம்பு விடுகிறான், விளக்கு அவன் முதுகில் விழுகிறது, அடிபடுகிறான், ஆறுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல், ஊசி போடப் பயப்படுகிறவர்களிடம் பேசும் அதே மெத்தைக் குரல்: "போங்க போங்க, நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்லவாம்.

காதில் லிஃப்ட் சிரித்தான். "அண்ணி, கையில மந்திரம் வச்சிருக்கீங்க. கொக்கி கூட ஆடுனப்ப இவன் ஆட்டத்துக்கு நாலு தடவ சாவான்."

"நாலா? குறைச்சுச் சொல்றே" என்றான் தூங்குமூஞ்சி, கொட்டாவிக்கு நடுவில்.

அண்ணனும் சிரித்தான். கொக்கிக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. அந்த நாலு தடவையும் அவனுக்கு முன்னால் செத்தவள் யார்? அதை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டாலும் சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்.

அப்போதுதான் கவனித்தாள். எதிரே நின்ற கேடயத் தடியனைக் காணவில்லை. நடுப்பாதையிலும் ஆள் இல்லை. இதற்கு ஒரே அர்த்தம்தான்: எல்லோரும் கீழே புதருக்குள் பதுங்கி அண்ணனுக்காகக் காத்திருக்கிறார்கள். மேல் பாதைக்காரி இந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, "இங்க ஆள் இல்ல, பின்னால வாங்க" என்று கத்த வேண்டும். கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

"என்னை விட்டுத் தள்ளிப் போகாதீங்க" என்றாள் அண்ணி, சுவருக்கு அப்பால்.

கொக்கியின் வாய் மூடிக்கொண்டது. கை எழுந்து, செங்கல் தெரிந்த இடத்தில், முட்டியால் ஒரு தட்டு.

அண்ணன் பாய்ந்தான்.

யோசிக்கவே இல்லை. எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை. விளக்கு வெளிச்சத்தை விட்டு அம்புபோலப் புதருக்குள் பாய்ந்தான். கொக்கிக்கு உச்சந்தலை வரைக்கும் குளுகுளுவென்று ஏறியது. என் தட்டுத்தான்! இன்னும் என் தட்டுக்குத்தான்! அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நின்றிருக்கும்? புதருக்குள் மூன்று பேர் அவனைச் சின்னாபின்னமாக்கும் வரைக்கும். அவனைக் காப்பாற்ற விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிய அண்ணியும் செத்து விழுந்தாள். அதோடு கீழ்ப் பாதை திறந்துகொண்டது. கோட்டை சரிந்தது. முதல் ஆட்டம் போயே போயிற்று.

"என்னடா பண்ணே?" லிஃப்ட் கத்தினான். "நல்லா இருந்தியே, பேய் புடிச்சுதா?"

"தட்டு கேட்ட மாதிரி இருந்துச்சுடா..." அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அம்மா! சமையல்கட்டுல எதையாவது தட்டுனியா?"

"தட்டலடா. உன் தலையிலதான் ரெண்டு தட்டியிருக்கணும், சின்னப்பவே விட்டுட்டேன்."

அவன் தண்ணீர் குடிக்கப் போனான். போகும்போது தன்னையே திட்டிக்கொண்டு போனான். பழக்கதோஷம், என் தப்பு, என் தப்பு. கொக்கி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முட்டியில் சிவப்பாகச் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்தாள்.

கதவு திறந்தது. அண்ணி உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அதன்மேலேயே சாய்ந்துகொண்டாள். அந்த மெத்தைக் குரல் அவளிடம் இல்லை.

"எனக்கும் கேட்டுச்சு."

கொக்கி முட்டியை மறுபடி பாவாடையில் தேய்த்தாள்.

"அவர்கிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீ நல்லவள்னு இல்ல. சொன்னா அவர் உன்னை ரெண்டு திட்டு திட்டிட்டு, அப்புறம் ஒரு வாரம் உன்னைச் சமாதானம் பண்ணிக்கிட்டுத் திரிவார். அதையும் நான்தான் உட்கார்ந்து பார்க்கணும்."

"அண்ணி, நான்..."

"இரு. அலமாரியை எதுக்கு இந்தச் சுவத்துக்கு நகர்த்துனேன்னு நினைக்கிற?"

கொக்கி நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்ததுலேர்ந்து பார்க்கறேன். அவர்கூட ஏதாவது பேசிக்கிட்டு இருப்பேன், டொக்குன்னு ஒரு சத்தம் வரும். பாதிப் பேச்சுல எழுந்து ஓடிப்போய் கணினியைப் போடுவார். நான் மிச்சப் பேச்சைத் தலைகாணிகிட்ட சொல்லணும். சரி, அலமாரியை வச்சு மறைப்போம்னு பார்த்தேன். ஜன்னல் வெளிச்சமாம்! உன் தட்டு கேக்கலன்னு சொல்ல வாய் வரல அவருக்கு. அப்புறம்தான் இந்தப் பாழாப்போன விளக்கைக் கத்துக்கிட்டேன். எனக்கு இதுல என்ன ஆசை? கட்டைவிரல் வீங்கிப்போச்சு, பாரு."

காட்டினாள். வீங்கித்தான் இருந்தது.

இவ்வளவு நாளும் தான் ஒருத்திதான் வெந்துகொண்டிருக்கிறோம் என்று கொக்கி நினைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் அதே அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அது ஆறுதலாக இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, பொறாமையில்கூட இவள் பங்குக்கு வருகிறாளே என்று.

"இப்ப என்ன பண்ணலாம்ங்கறீங்க?" என்றாள்.

"நீ தட்டுனா அவர் எனக்கு எட்டாத இடத்துக்கு ஓடிருவார். நான் பக்கத்துல இருந்தா உனக்கு ஆகாது. அவர் நடுவுல இருக்கற வரைக்கும் இது ஓயாது." அண்ணி விரலைச் சொடுக்கினாள். "அவரை மேல அனுப்பு."

"என்னது?"

"கீழ நீயும் நானும்."

கொக்கிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு சப்போர்ட், வில்லாளியே இல்லாமல். யாராவது கேட்டால் கைகொட்டிச் சிரிப்பார்கள். அண்ணி அதற்குள் மடிக்கணினியைக் கொண்டுவந்து, கொக்கியின் மேஜையில் இருந்த சீப்பு, மருதாணித் தைலம், காலி டம்ளர் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளி இடம் பிடித்துவிட்டாள். கேட்கக்கூட இல்லை.

"ரெண்டு சப்போர்ட்டா?" லிஃப்ட் அலறினான். "அப்ப அடிக்கறது யாரு?"

"நான்" என்றாள் கொக்கி.

"டேய், உன் வீட்டுல என்னடா நடக்குது?"

"எனக்கே தெரியலடா" என்றான் அண்ணன். அவன் குரல் இணையத்தைச் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்தது.

இரண்டாவது ஆட்டம். நங்கூரக்காரி புதரோரம் போய் நின்றாள். இரண்டடி முன்னே, ஓரடி பின்னே. எதிரே இருந்த வில்லாளி விலகினான், திரும்பி வந்தான், மறுபடி விலகினான். அவன் விலகாமல் நின்ற அந்த நொடியில் சங்கிலி பறந்தது. கொத்தியது. பழக்கத்தில் கொக்கியின் கை சுவரை நோக்கி எழுந்தது.

தட்டத் தேவையே இருக்கவில்லை. விளக்கு ஏற்கெனவே அவள்மேல் விழுந்திருந்தது.

அவள் உள்ளே பாய்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அவளை அடித்தார்கள். வழக்கமாக அவள் சாகிற இடம் அது. சாகவில்லை. அடி விழ விழ ஆறியது, ஆற ஆற அடித்தாள். ஒருவன் விழுந்தான். மற்றவன் ஓடினான். சங்கிலியை மறுபடி வீசி அவனையும் இழுத்தாள். திரையில் இரண்டு தடவை பெரிதாகப் பெயர் வந்தது. இரண்டும் அவள் பெயர்.

"போ போ, நான் இருக்கேன்ல" என்றாள் அண்ணி. குரல் மெத்தையாகத்தான் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் கேட்டபோது, அதன் அடியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

இதைத்தான் இத்தனை மாதமாக அண்ணன் சும்மா உட்கார்ந்து அனுபவித்தானா! கேட்காமலே, தட்டாமலே வந்து முதுகில் விழுகிற இந்த வெளிச்சத்தை! கொக்கிக்குச் சுர்ரென்று ஏறியது. இதுவரை அண்ணியின் பக்கம் எரிந்துகொண்டிருந்தது மொத்தமும் அப்படியே அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டது.

டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு. மேல் பாதையில் தனியாக நிற்கிறவனின் தட்டு. சற்று நேரம் கழித்து மறுபடியும், டொக் டொக்.

அண்ணியின் தலை சுவர்ப் பக்கம் லேசாகத் திரும்பியது.

"திரும்பாதீங்க" என்றாள் கொக்கி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "விளக்கு விலகுது."