கயிறு கட்டாமல் போய்ச் சேர வேண்டும்

கால்வாயில் படகு நின்றுவிட்டால் போதும், வைத்தியம் சொல்ல ஆள் வந்துவிடும். கூப்பிட வேண்டியதே இல்லை. க்வெண்டாவின் படகு 'பெரிவிங்கிள்' அன்று காலை முதல்முறை நின்றபோது, எதிரே வந்த சிவப்புப் படகுக்காரர் தொப்பியைத் தூக்கி, "டீசல்ல தண்ணி கலந்திருக்கும்மா" என்றார். படகை ஓரம் கட்டிவிட்டு வந்து டாங்கின் மூடியைத் திறந்தார், குச்சி விட்டுப் பார்த்தார், அடியில் கொஞ்சம் வடித்தார். எஞ்சின் கிளம்பியது. க்வெண்டா தேநீரும் கேக்கும் கொடுத்து அனுப்பினாள்.

அரை மைல் போனதும் மறுபடி இருமி நின்றது.

பின்தட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா லோர்னாவுக்கு முகமெல்லாம் பல். "கயிறு கட்டி இழுக்கச் சொல்லட்டுமாடி?"

கயிறு கட்டினால் எல்லாம் போச்சு. பள்ளிச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, குடியிருக்கவே இந்த ஒல்லிப் படகை வாங்கியிருந்தாள் க்வெண்டா. அன்றிலிருந்து லோர்னா ஒரே பிடிதான்: இதை விற்றுவிட்டு என் வீட்டுக்கு வா. கடைசியில் பந்தயம் கட்டினார்கள். லோர்னாவின் பிறந்தநாள் விருந்து கால்வாயோரப் பப் ஒன்றில். அதுவரை படகு தன் எஞ்சினிலேயே போனால் லோர்னா இனி வாயைத் திறக்கமாட்டாள். யாராவது இழுத்துப் போனால் சன்னலில் 'விற்பனைக்கு' அட்டை தொங்கும். இந்த நாளுக்காகவே க்வெண்டா போன வாரமெல்லாம் மண்டியிட்டுப் படகுக்குப் புதுப் பச்சை அடித்திருந்தாள். விளக்குக் கொக்கியைக்கூட விடவில்லை.

கரையில் நாயோடு நடந்துவந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்களும் படகுக்காரர்கள்தான். "குழாய்ல காத்து பூந்திருக்கும்" என்றாள் ஒருத்தி. மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்த்தார்கள், திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார்கள். கிளம்பியது. கேக் தீர்ந்தது. ஒரு பாலம் தாண்டியதும் எஞ்சின் மறுபடி படுத்துக்கொண்டது.

க்வெண்டாவுக்கு அழுகை முட்டியது. இந்தப் படகை அவள் அவ்வளவு நேசித்தாள். வடிகட்டியை மாற்றிப் பார்க்கலாம் என்று நினைத்து, முதலில் டீசல் அளவு பார்க்க டாங்கின் மூடியைத் திறந்தாள்.

"பாரு, மறுபடி பெருமூச்சு விடுது" என்றாள் லோர்னா. "திறக்குறப்பல்லாம் புஸ்ஸுங்குது. உன்கிட்ட மாட்டிக்கிட்டு அதுக்கே வாழ்க்கை வெறுத்துப்போச்சு."

க்வெண்டாவின் கை அப்படியே நின்றது. "எப்பவுமா?"

"அந்தத் தொப்பிக்காரர் திறந்தப்பவும்தான். உனக்குக் காது கேக்கலையா?"

வடிகட்டியைத் தொடாமலே க்வெண்டா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சமர்த்தாகக் கிளம்பியது. அப்படியென்றால் தண்ணீருமில்லை, காற்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் உயிர் கொடுத்தது மூடியைத் திறந்ததுதான். டீசல் குறையக் குறைய டாங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்காக மூடிக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய், அதன் நுனியில் ஓட்டை. குனிந்து தேடினாள். ஓட்டையைக் காணோம். மழமழவென்று பச்சை, அதுவும் இரண்டு பூச்சு.

அங்கேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னடி, கழண்டுபோச்சா?"

"அக்கா, நானே இதோட மூக்கை அடைச்சிருக்கேன்! உன் ப்ரூச்சக் குடு, சீக்கிரம்!"

பந்தயம் நினைவுக்கு வருவதற்குள் லோர்னா சட்டையில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். ஊசி உள்ளே போனது, பச்சைப் பொருக்கு பெயர்ந்து வந்தது. மூடியை இறுக்கிய பிறகும் எஞ்சின் நிற்கவில்லை. கைகழுவப் போகுமுன் க்வெண்டா சுக்கானை அக்காவிடம் தள்ளினாள். "கொஞ்சம் பிடி. வலப்பக்கம் போகணும்னா இடப்பக்கம் தள்ளு."

"ஐயோ, எனக்குத் தெரியாதுடி!" என்று லோர்னா அலறினாள். படகு நாணல் புதருக்குள் மூக்கை நுழைத்தது, வெளியே வந்தது, எதிர்க்கரையையும் விசாரித்துவிட்டு வந்தது. அடுத்த பாலம் வருவதற்குள் அவள் மீன்பிடிப்பவர்களை, "தூண்டிலை எடுங்கய்யா, படகு வர்றது தெரியல?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். க்வெண்டா கை துடைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். சுக்கானைத் திருப்பிக் கேட்கவில்லை.

பப் வந்தது. லோர்னா வேகத்தைக் குறைக்கவில்லை. பப் பின்னால் போனது.

"அக்கா, பப் போயிடுச்சு!"

"எங்க போயிடும்? அதுக்கென்ன எஞ்சினா இருக்கு?"

"உன் பிறந்தநாள் விருந்து?"

லோர்னா கால்வாய் வளைவில் கண் வைத்தபடி சுக்கானை மெல்ல இடப்பக்கம் தள்ளினாள்.

"அடுப்புல போட உன்கிட்ட முட்டை இருக்காடி?"